மெட்ராஸ் ஃப்ளைட் அங்கிளின் பெஞ்சு

சாங்கிக் கடற்கரையின் அந்தப் பகுதியில் யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை.

அப்படி ஒரு விதியை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கூடாரம் போடுவதைப் பற்றியும் நெருப்பு மூட்டுவதைப் பற்றியும் அறிவிப்புப் பலகை நான்கு மொழிகளில் நீட்டி முழக்குகிறது. பெயரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. பலகையில் உள்ள விதிகளை மக்கள் வாரந்தோறும் மீறினார்கள். எழுதப்படாத இந்த ஒன்று மட்டும் பிசகாமல் நடந்துவந்தது.

இந்த ஊரில் அது கடினமான காரியமும் அல்ல. மூத்தவர் ஆணாக இருந்தால் அங்கிள், பெண்ணாக இருந்தால் ஆன்ட்டி. தமிழர்களுக்கு உபரியாக அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள். கோப்பி ஆற்றுகிறவர், டாக்சி ஓட்டுகிறவர், எதிர்வீட்டில் குடியிருக்கிறவர் எல்லாரும் இந்த நான்கு சொற்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஒருவரோடு பல ஆண்டுகள் பேசிப் பழகி, அவருடைய சர்க்கரை அளவு முதல் முழங்கால் வலி வரை தெரிந்துகொண்டு, கடைசிவரை பெயர் மட்டும் தெரியாமலே இருந்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

தாரணிக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஒரு பலதுறை மருந்தகத்தின் பதிவு முகப்பில் அவளுக்கு வேலை. திங்கள் முதல் சனி வரை அவள் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "பேரு என்ன? ஐசி குடுங்க." அடையாள அட்டையைப் பார்த்துத் தட்டத் தட்ட, நோயாளிகளின் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறி, கூப்பிடப்பட்டு, மறையும். சனிக்கிழமை பிற்பகல் வீடு திரும்பும்போது அவளுக்குப் பெயர்களே திகட்டிப் போயிருக்கும். ஐம்பதை நெருங்கும் வயது. திருமணம் இரண்டு முறை பேச்சளவில் வந்து நின்றுபோயிற்று. ஒரே அண்ணன் குடும்பத்தோடு பெர்த் நகரில் குடியேறிவிட்டார். புக்கிட் பாத்தோக் வீட்டின் வரவேற்பறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று புதிதாகவே இருந்தது.

ஞாயிறு காலையில் அவள் தீவின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்குப் பயணப்படுவாள். ஜூரோங் கிழக்கில் ரயில் மாறி, தானா மேராவில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. வாதாமரங்களுக்குக் கீழே எட்ட எட்டப் போட்டிருக்கும் பெஞ்சுகளில் ஒன்று அவளுடையது. புத்தகம் கொண்டுபோவாள், படிக்கமாட்டாள். எதிரே உபின் தீவு பச்சையாகக் கிடக்கும். இடையில் கப்பல்கள் நகர்வதே தெரியாமல் நகரும்.

அந்தக் கரையின் சுபாவமே அப்படி. போருக்கு முந்திய காலத்தில் நகரத்துச் செல்வந்தர்கள் வார இறுதிக்கென்று இங்கே பங்களாக்கள் கட்டினார்கள். சுறாவுக்கும் சொறிமீனுக்கும் அஞ்சி, கடலுக்குள்ளேயே மரக்கம்பங்களை நட்டு வேலி அடைத்து, அந்தச் சதுரத்துக்குள் நீந்தினார்கள். மலாயில் அதற்குப் பாகார் என்று பெயர். பக்கத்துப் பங்களாக்காரர் தம்முடைய சதுரத்தில் மிதந்துகொண்டிருப்பார். இவர் இவருடைய சதுரத்தில். ஒரே கடலில் குளித்தாலும் ஒரே தண்ணீரில் குளித்ததாகச் சொல்ல முடியாது. பிறகு வந்த ஆங்கிலேய ராணுவத்தார் பதவியையும் சீருடையையும் கழற்றிவைத்துவிட்டு இங்கே கால் நனைத்தார்கள். அதற்கும் பிறகு பங்களாக்கள் விடுமுறை விடுதிகளாயின. ஷாலே என்கிற அந்த விடுதியை வாடகைக்கு எடுப்பது என்றால் இந்த ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு சிறு திருவிழா. கரி அடுப்பும் ஊறவைத்த கோழியுமாக வந்து, இரண்டு இரவு தங்கி, அறை எண்ணாலேயே அறியப்பட்டு, மூன்றாம் நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். விமான நிலையத்துக்காகக் கடலைத் தூர்த்தபோது கரையின் உருவமும் மாறிப்போயிற்று. வந்தவர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மணலுக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஒரே ஒரு நினைவுக்கல் உண்டு. ஜப்பானியர் காலத்தில் இந்த அலையோரத்தில் நிறுத்திச் சுடப்பட்டவர்களுக்காக வைத்தது. அதில் எத்தனை பேர் என்று இருக்கிறது. யார் யார் என்று இல்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். தாரணியும் தாண்டித்தான் போவாள்.

கம்பவேலிகள் போய்விட்டன. பெஞ்சுகள் இருந்தன. அவளுக்கு வலப்புறம் நீர் விளிம்பில் தூண்டில் அண்ணன் நிற்பார். அறுபது வயது, கட்டம்போட்ட சாரம், வாளியில் பெரும்பாலும் தண்ணீர் மட்டும். இடப்புறம் சைக்கிள் அக்கா; தெம்பனிஸிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, வந்த களைப்புத் தீர்வதற்குள் திரும்பிப் போய்விடுகிறவர். அக்காவுக்கும் தாரணிக்கும் நடுவில், கடலை நேராகப் பார்க்கும் பெஞ்சில், நீலத் தொப்பியும் கையில் ஒரு வடைப் பொட்டலமுமாக மெட்ராஸ் ஃப்ளைட் அங்கிள்.

விமானங்கள் அந்த இடத்தில் வயிறு தெரியும்படி தாழ்ந்து இறங்கும். ஒவ்வொன்றையும் அவர் கழுத்தை அண்ணாந்து பார்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அறிவிப்பார்:

"இது மெட்ராஸ் ஃப்ளைட்டு."

"அங்கிள், வால்ல கங்காரு படம் போட்டிருக்கு," என்பார் தூண்டில் அண்ணன்.

"அதனால என்ன? கங்காரு மெட்ராஸ் போகக் கூடாதா?"

"அது வருது அங்கிள், போகல."

"போனது திரும்பி வருதுப்பா. நீ மீன பாரு. அது ஒன்ன பாத்து சிரிக்குது."

இந்த உரையாடல் ஏறத்தாழ எல்லா ஞாயிறும் நடந்தது. அவர் ஏன் மெட்ராஸ் விமானத்தையே எதிர்பார்த்தார், அதில் யாராவது வரவேண்டியிருந்ததா, யாராவது போய்விட்டிருந்தார்களா என்று எவரும் கேட்கவில்லை. வடையில் ஒன்றை எடுத்து நீட்டுவார். மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் உறவு.

அந்த ஞாயிறு மட்டும் அவர் எழுந்து தாரணியின் பெஞ்சருகே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அங்கிள்."

"இத்தன நாளா பாக்குறோம். உங்க பேரு..."

தாரணி அண்ணாந்து பார்த்தாள். "மழ வர்ற மாதிரி இருக்கு அங்கிள்," என்று சொல்லிக் குடையை விரித்தாள்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவரும் அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணில் குத்த, நெற்றியில் கைவைத்து, அந்தச் சுத்தமான நீலத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்.

"ஆமா ஆமா," என்றார். "வரும்போலத்தான் இருக்கு."

தொப்பியை மாட்டிக்கொண்டு தம் பெஞ்சுக்குத் திரும்பினார். வெயிலில் குடையைப் பிடித்தபடி தாரணி மதியம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு நடுப் பெஞ்சு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிள் அக்கா தம் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து அந்தப் பெஞ்சின் மேல் வைத்தார். உணவங்காடியில் தட்டோடு திரும்பி வரும்வரை மேசையைப் பிடித்துவைக்க இந்த ஊரார் செய்கிற காரியம் அது. டிஷ்யூ பொட்டலம் இருந்தால் இடம் ஒருவருடையது; எந்தப் பசிக்காரனும் அதைத் தொடமாட்டான்.

"வந்துருவாரு," என்றார் அக்கா.

"மெட்ராஸுக்கே போயிட்டாரு போல லா," என்றார் தூண்டில் அண்ணன். "ஒருவழியா ஃப்ளைட்ட புடிச்சிட்டாரு."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் தானாக நின்றது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரமும் அவர் வரவில்லை. இரவு பெய்த மழையில் டிஷ்யூ பொட்டலம் ஊறி உப்பியிருந்தது. அக்கா அதை எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார். மூன்றாவது வாரம், வழக்கத்துக்கு மாறாக, மூவரும் அந்தக் காலிப் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். யாரும் அதில் உட்காரவில்லை.

"வீட்டுல புள்ளைங்க இருப்பாங்க மா. பாத்துக்குவாங்க," என்றார் அக்கா.

"இருக்காங்களா?" என்று கேட்டாள் தாரணி.

"இருப்பாங்கன்னு சொல்றேன்."

"கீழ விழுந்து கெடந்தா, அக்கா? தனியா இருக்குறவரா இருந்தா? பேப்பர்ல படிக்கிறோம்ல, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு வாட வந்த பிறகுதான்..."

"அப்படிலாம் பேசாதீங்க மா."

"போலீஸ்ல சொல்லலாம்," என்றார் தூண்டில் அண்ணன். "என்னன்னு சொல்றது தங்கச்சி? மெட்ராஸ் ஃப்ளைட் அங்கிள காணோம்னு சொன்னா, என்னையத்தான் உள்ள ஒக்கார வைப்பான்."

அவர்களிடம் இருந்தவை எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான்: நீலத் தொப்பி. இடக்கால் லேசாகச் சாய்ந்த நடை. ஃபேரர் பார்க்கில் வாங்குவதாக அவர் ஒருமுறை சொன்ன வடை. பெயரும் அடையாள எண்ணும் இல்லாத ஒருவரை எந்தத் திரையிலும் தேட முடியாது என்பது தாரணியைவிட யாருக்குத் தெரியும்? பெயரைக் கொடுக்க அவர் தயாராகத்தான் இருந்திருக்கிறார். அவளுடையதைக் கேட்டவர், தம்முடையதையும் சொல்லியிருப்பார். நடுவில் ஒரு குடை விரிந்துவிட்டது.

ஒரு மாலை, வேலை முடிந்ததும் அவள் ஃபேரர் பார்க்குக்குப் போனாள். நிலையத்துக்கு வெளியே பூக்கடைகளும் கைப்பேசிக் கடைகளும் நெரித்துக்கொண்டு நின்றன. மூன்றாவது உணவுக்கடையில் கல்லாவில் இருந்த இளைஞனின் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தது: ரியாஸ்.

"ஒருத்தர தேடுறேன் தம்பி. வயசானவரு. ஞாயித்துக்கிழம காலையில இங்க வட வாங்குவாரா?"

"பேரு என்னக்கா?"

"தெரியாது."

"உங்க சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவரு."

ரியாஸ் மீதிச் சில்லறையை எண்ணுவதை நிறுத்தினான். "பேரு தெரியாத தெரிஞ்சவரா?" அவன் கேலி செய்யவில்லை, புரிந்துகொள்ளத்தான் பார்த்தான்.

"நீலத் தொப்பி போட்டிருப்பாரு. கால சாச்சு நடப்பாரு. உளுந்து வட."

"சட்னி வேணாம்பாரா?"

அவர் கொண்டுவரும் பொட்டலத்தில் சட்னி இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஆமா, தம்பி. ஆமா."

"அட, நோ சட்னி அங்கிள்!" என்று முகம் மலர்ந்தவன் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தான். "அண்ணே, நோ சட்னி அங்கிள் வந்தாரா?"

"அவர் வந்தே ஒரு மாசம் ஆச்சு லா," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"ஊருக்குப் போயிருப்பாருன்னு நெனச்சோம்க்கா."

"எந்த ஊருக்கு?"

ரியாஸ் உதட்டைப் பிதுக்கினான். "புக்கிட் மேரா பக்கம் வீடுன்னு சொன்ன ஞாபகம். ஷியூரா தெரியல. அவர் வந்தா, யார் தேடுனாங்கன்னு சொல்லணும்?"

தாரணி வாயைத் திறந்தாள். கடற்கரையில் அவளை அவர் எப்படி அழைத்தார்? வெறுமனே 'அம்மா' என்றுதான். இந்த ஊரில் எத்தனை அம்மாக்கள்! "பரவால்ல தம்பி," என்று சொல்லி, வேண்டாத இரண்டு வடைகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த நாள் மாலை புக்கிட் மேராவில் இறங்கினாள். அது அறிவீனம் என்று தெரிந்தே செய்தாள். பழைய அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு புளோக்கின் அடியில் நின்று மேலே பார்த்தாள். விளக்கெரிந்த சன்னல்கள், எரியாத சன்னல்கள், மூங்கிற்கழிகளில் சட்டைகள். எரியாத ஒவ்வொரு சன்னலும் அவளை உலுக்கியது. கீழ்த்தளத்துக் கல் மேசையில் தனியே உட்கார்ந்திருந்த சீன மூதாட்டி, யாரைத் தேடுகிறாய் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். தாரணி கையை விரித்துக் காட்டினாள். மூதாட்டியும், ஏதோ புரிந்ததுபோல், தலையை ஆட்டினார். இங்கே அவருக்கு வேறொரு பெயர் இருக்கக்கூடும் என்று தோன்றியது. லிஃப்ட் அங்கிள். நாலாம் மாடி அங்கிள். கடற்கரைக்கு ஒன்று, வடைக்கடைக்கு ஒன்று, புளோக்குக்கு ஒன்று என இந்த நகரம் முழுக்க அவரைத் தெரிந்தே வைத்திருந்தது. ஒரு முனையை இன்னொரு முனையோடு முடிச்சுப் போட மட்டும் யாரிடமும் நூல் இல்லை.

அந்த வார இறுதியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்தகத்திலேயே யாரோ இருமிக் கொடுத்தது. சனி பிற்பகலில் மாத்திரை போட்டுப் படுத்தவள், கண் விழித்தபோது ஞாயிறு நடுப்பகல் ஆகியிருந்தது. தொண்டை வறண்டு ஒட்டிக் கிடந்தது. எழுந்தபோது தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரு பேரங்காடியின் தள்ளுபடிச் செய்தி வந்திருந்தது. வேறொன்றும் இல்லை. சுவர் கைக்கு எட்டாமல் போயிருந்தால், திங்கட்கிழமை மருந்தகம் அவளைத் தேடியிருக்கும். அங்கே அவளுக்குப் பெயர் இருக்கிறது. அதுவரை?

காய்ச்சல் விட்ட உடம்போடு அவள் ரயில் ஏறியது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சாங்கியில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. கிளைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நினைவுக்கல்லைத் தாண்டும்போது, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, அவள் நின்றாள். தமிழில் இருந்த வரிகளை வாசித்தாள். எண்ணிக்கையைத் தாண்டிக் கண்கள் கீழே இறங்கின, வேறெதையோ தேடி. கல் அதோடு முடிந்துவிட்டது.

மரங்களின் வளைவைக் கடந்ததும் பெஞ்சுகள் தெரிந்தன. நடுப் பெஞ்சில் டிஷ்யூ பொட்டலம், மழையில் உப்பி, அப்படியே இருந்தது. அவருடைய பெஞ்சு. ஆனால் தாரணியின் கால்கள் நின்றது அதைப் பார்த்து அல்ல. அவளுடைய பெஞ்சின் மேலும் ஒரு பொட்டலம் இருந்தது. மஞ்சள் உறை, புதியது, நனையாதது. மழை விட்ட பிறகு, துடைத்த பலகையில், ஒழுங்காக நடுவில் வைத்திருந்தார்கள்.

"வந்துட்டீங்களா!" சைக்கிள் அக்கா எழுந்து ஓடிவந்தார். குரலில் உண்மையான ஆறுதல் இருந்தது. "காலையில வரல, மதியமும் வரல. அதான் நாங்களும் போகாம இருக்கோம். சரி, வேற யாரும் ஒக்காந்துடக் கூடாதேன்னு நான்தான் வச்சேன் மா."

"நாந்தான் பலகய தொடச்சேன்," என்று நீர் விளிம்பிலிருந்து கத்தினார் தூண்டில் அண்ணன்.

தாரணி அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பாசம் வைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வளவு பாசத்தையும் வைத்து அவர்களால் செய்ய முடிந்தது இதுதான். அடுத்த ஞாயிறும் அவள் வராமல் போனால் அக்கா இதை மாற்றிப் புதிது வைப்பார். அதற்கடுத்த ஞாயிறு மூவரில் இருவர் சுற்றி நின்று, புத்தகம் கொண்டு வரும், படிக்காது, மேற்கே எங்கோ வீடு என்று பேசிக்கொள்வார்கள். புத்தக அக்கா என்பார்கள் அவளை. ஒருவேளை குடை அக்கா என்று.

பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. அண்ணே, நீங்களும் வாங்க."

"மீனு கடிக்குது தங்கச்சி!"

"கடிக்கட்டும். வாங்க."

அந்தக் குரலை அவர்கள் அவளிடம் கேட்டதில்லை. மருந்தகத்தில் கூட்டம் பொங்கும் நாள்களில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல் அது. தூண்டில் அண்ணன் கழியை மணலில் குத்திவிட்டுச் சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்தார். அக்கா சைக்கிளை விட்டுவிட்டு வந்தார். நடைபாதையில் போன ஒரு குடும்பம் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தது. தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. யாரும் அதற்கு ஊர் சொல்லவில்லை. இரைச்சல் கடந்து போகும்வரை தாரணி காத்திருந்தாள்.

"என் பேரு தாரணி," என்றாள். "புக்கிட் பாத்தோக்ல தனியா இருக்கேன். பதினோராவது மாடி. லிஃப்ட விட்டு எறங்கி வலப்பக்கம் திரும்பினா கடைசி வீடு, கேட்ல சிவப்புப் பூட்டு தொங்கும். புளோக் நம்பர் இப்ப சொல்றேன், ஃபோன்ல போட்டுக்குங்க. ஒரு ஞாயிறு நான் வரலன்னா டிஷ்யூ வைக்காதீங்க அக்கா. வந்து கதவத் தட்டுங்க."

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மணலைப் பார்த்தார். சாரத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்து, விளிம்பு ஈரத்தில் பட்டது.

"அண்ணே," என்றாள் தாரணி, "உங்க பேரு என்ன?"